மாமா தண்ணீர் ஊற்றி வளர்த்த பர்கண்டி

உண்மையிலேயே நல்ல வைன் என்று சொல்லக்கூடியதை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் குடித்திருக்கிறேன். அதுவும் மருந்து அளக்கும் கிளாஸில், அண்ணாந்து, வாயில் படாமல். இதைச் சொன்னால் வெளிநாட்டிலிருந்து வரும் என் பெறாமக்கள், என் அண்ணன் பிள்ளைகள், சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டு வரும் போத்தல்களை நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கு யாரும் ஐந்து வருடம் தண்ணீர் ஊற்றவில்லை என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்போது நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக்கராக இருந்தேன். கலியாணம் முடித்து, வெள்ளவத்தையில் மாமாவின் வீட்டில் குடியிருந்தோம். மாமா என்றால் மனைவியின் தகப்பனார். மாமி காலமாகிப் பல வருடங்கள். மாமா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வே அவரை விட்டாலும் அவர் ரயில்வேயை விடவில்லை. எழும்புவது, குளிப்பது, பேப்பர் வாசிப்பது எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும். சாப்பாட்டு மேசைக்கு நான் ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் "லேட்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்குவார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் இருப்பது அவருடைய வீடு, தின்பது அவருடைய மேசை. என்ன செய்வது?

அதைவிடப் பெரிய சங்கடம், மாமா ஒரு மது ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர். எங்கள் கலியாணப் பேச்சின்போது அவர் என் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. சாதகத்தையும் ஒப்புக்குத்தான் பார்த்தார். "தம்பி குடிக்கிறவரோ?" என்று ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றேன். அது உண்மை. சாராய மணம் மூக்கில் பட்டாலே நான் எழும்பி வெளியே போய்விடுவேன். இனிமேலும் குடிக்கமாட்டேன் என்று வாக்குத் தரமுடியுமா என்று அடுத்ததாகக் கேட்டார். பெண் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவர் இனிமேல் மூச்சுவிடக்கூடாது என்று கேட்டிருந்தாலும் நான் தலையாட்டியிருப்பேன்.

இந்த மாமாதான் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன், சரியாக ஏழேகாலுக்கு, ஒரு அவுன்ஸ் டொனிக் வைன் குடிப்பவர். இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. கொழும்பில் அக்காலத்துச் சைவ வீடுகள் பலவற்றில் இது நடந்தது. பிள்ளை பெற்றவளுக்கு டொனிக் வைன், காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்கு டொனிக் வைன், இரத்தம் காணாது, குறைவு என்று டொக்டர் சொன்னவருக்கும் அதுவே. வாங்குவது மருந்துக்கடையில், வைப்பது மருந்து அலுமாரியில், அளப்பது கோடு போட்ட சின்னக் கிளாஸில். ஆகவே அது மருந்து. அந்தப் போத்தலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விபரம் அச்சடித்திருந்தது. பியரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு மதுசாரம் அதில் இருந்தது. நான் அதை வாசித்தேன், வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலையிலேயே சங்கக் கூட்டம் என்பதால், அன்று மட்டும் அவுன்ஸை முன்கூட்டி எடுத்துக்கொண்டு புறப்படுவார். குடியின் கேட்டைப் பற்றி அவர் மிகுந்த உணர்ச்சியோடு பேசுவார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்படியான வீட்டுக்குத்தான் நான் ஒரு போத்தல் பர்கண்டியைக் கொண்டுபோனேன்.

ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சாப்பாட்டையும் குடிவகையையும் கவனிக்கும் தலைமை ஸ்டூவர்ட்டுக்கு, துறைமுகத்துக்கு வந்த அன்று பல்வலி. கன்னம் இளம் பலாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஏஜென்சி என்ற முறையில் நான்தான் அவரைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பல்லைப் பிடுங்கும்போது என் கையை அவர் பிடித்த பிடியில் என் விரல்கள் இரண்டு நாட்களுக்கு மடங்கவில்லை. திரும்பிப் போனதும் மனிதர் தன் அறையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்துவந்து, ஒரு குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் தந்தார். பஞ்சு அடைத்த வாயால் அவர் சொன்ன ஆங்கிலத்திலிருந்து நான் விளங்கிக்கொண்டது இவ்வளவு: இது பர்கண்டி என்ற ஊரின் சிவப்பு வைன். நல்ல வருடத்தது. இப்போது குடித்தால் பாவம். தன் நாட்டில் என்றால் இன்னும் பத்து வருடம். உங்கள் நாட்டுச் சூட்டில் ஐந்து போதும். குளிரான இருட்டில் படுக்கவைக்க வேண்டும். திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். தனியாகக் குடிக்கக்கூடாது, மனதுக்குப் பிடித்த ஆளோடு குடிக்க வேண்டும்.

அன்று மாலை வாசல் படலையடியில் மாமா நின்றார். என் கக்கத்தில் பேப்பர் சுற்றிய போத்தல் இருந்தது. அது என்ன என்று கேட்டார்.

"டொனிக் மாமா. பிரெஞ்சு டொனிக். இரத்தத்துக்கு நல்லதாம்."

பொய் சொல்லும் திறமை எனக்கு இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது. ஒன்று வந்ததும் மற்றவை தாமாகவே பின்னால் வந்தன. இப்போது எடுக்கக்கூடாதாம், ஐந்து வருடம் முதிர வேண்டுமாம், குளிரான இடத்தில் கிடக்க வேண்டுமாம் என்று ஸ்டூவர்ட் சொன்ன எல்லாவற்றையும் மருந்தின் பத்தியமாக மாற்றிச் சொன்னேன். அன்றைக்கே முடிப்பது, மனதுக்குப் பிடித்த ஆளோடு குடிப்பது என்ற கடைசி இரண்டு புத்திமதிகளை மட்டும் விட்டுவிட்டேன். வேறு ஒரு மாமனார் என்றால் அந்த இடத்திலேயே பேப்பரை அவிழ்த்திருப்பார். என் மாமா தலையை ஆட்டினார். பழம்புளி, பழைய நெய், பழைய தேன் எல்லாம் நாள்பட்டால்தானே மருந்தாகின்றன, பிரெஞ்சுக்காரனும் அதை அறிந்துதான் வைத்திருக்கிறான் என்றார். பிறகு என் கக்கத்திலிருந்து போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதோடு அந்தப் போத்தல் என் கையை விட்டுப் போனது.

எங்கள் வீடுகளில் தேசிக்காயை, எலுமிச்சையைத்தான் சொல்கிறேன், ஈர மணலுக்குள் புதைத்து வைப்பார்கள். மாதக்கணக்கில் வாடாது. மாமா அதையே செய்தார். அகலமான மண்தொட்டி ஒன்றை வாங்குவித்தார். கடற்கரை மணலை எடுத்து உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசினார். தன் கட்டிலுக்குக் கீழே, யன்னல் திறக்காத பக்கத்தில், சீமெந்துத் தரையில் தொட்டியை வைத்து, போத்தலைப் படுக்கவைத்து மணலால் மூடினார். ஒவ்வொரு நாள் காலையும் குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிய கையோடு ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்தார். நாட்குறிப்பில் போத்தல் வந்த திகதியையும், ஐந்து வருடம் முடியும் திகதியையும் ரயில் நேரம் எழுதுவதுபோல எழுதிவைத்தார்.

என் மனைவிக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. "அப்பாவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்" என்றாள். ஐந்து வருடத்திலும் இதைப்பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கிழமைக்கு ஒருமுறை சொன்னாள்.

அந்தப் போத்தலை யாரோடு குடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரன் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த கத்தோலிக்கன், என் உயிர் நண்பன். நத்தாருக்கு அவன் வீட்டில் முந்திரிகை வற்றலில் வைன் போடுவார்கள். தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் ஊற்றிவைத்த சர்க்கரைப் பாகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பரம்பரை உரிமையிலும், கந்தோரில் பழைய வெள்ளைக்கார மனேஜர் விட்டுப்போன தடித்த புத்தகம் ஒன்றை வாசித்த பலத்திலும், வைன் பற்றிக் கொழும்பில் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவன் நம்பினான். பர்கண்டி என்பது பிஞ்சில் முரடு, முற்றினால் பட்டு, அந்த உச்சத்தைத் தாண்டினால் ஒரேயடியாக விழுந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். ஐந்து வருடமும் தேநீர் நேரத்தில் எங்கள் பேச்சு அதுவே.

மாமா ஒருமுறை யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் நின்றார். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு எனக்கு. நான் மூன்று நாள் மறந்துபோனேன். நாலாம் நாள் தபாலட்டை வந்தது: "டொனிக் நனைக்கப்படுகிறதா? தெரிவிக்கவும்." அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் யாருக்காவது இரத்தம் குறைந்தால், அந்தப் பிரெஞ்சு மருந்து எப்போது திறப்பீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். இதற்கிடையில் அரசாங்கம் இறக்குமதிகளை நிறுத்தியது. மருந்துக்கடைகளில் டொனிக் வைன் இல்லாமல் போனது. மாமாவின் அலுமாரியில் இருந்த கடைசிப் போத்தலும் முடிந்தது. ஏழேகாலுக்கு அவர் அந்தச் சின்னக் கிளாஸைக் கழுவித் துடைத்துத் திரும்ப வைப்பதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்ததுதான் இனி அவருடைய ஒரே நம்பிக்கை. எனக்கும் அதுதான் ஒரே ஆசை. இரண்டு பேருக்கும் ஒரே போத்தல்.

குறித்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. என் திட்டம் சுலபமானது. போத்தலின் தக்கையைக் கழற்றும் திருகாணி நண்பன் வீட்டில்தான் இருக்கிறது, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்த் திறந்துகொண்டு வருகிறேன் என்று சொல்வது. வழியில் பஸ்ஸில் விழுந்து உடைந்துபோனது என்று பிறகு சொல்லலாம். இப்படியெல்லாம் யோசித்த மனிதன்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மாமா, மருந்து ஏன் ஊர் சுற்றவேண்டும், திருகாணியைக் கொண்டு அவரை இங்கே வரச்சொல்லும் என்றுவிட்டார்.

நண்பன் மாலை ஐந்தரைக்குச் சொன்ன நிமிடத்தில் வந்து இறங்கியதில் மாமாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. அவன் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதை வெளிக்கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான். அன்றைக்கு ஏழேகால்வரை பொறுக்காமல் மாமா மணலைக் கிளறிப் போத்தலை எடுத்தார். லேபல் ஈரத்தில் உக்கிப்போயிருந்தது. நண்பன் தக்கையை மெல்ல, மிக மெல்லத் திருகி இழுத்தான். முழுசாக வந்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். மாமா அதையும் மருந்துக்குரிய மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அப்போது அந்த மணம் வந்தது. கோயில் மாலையில் அடுத்த நாள் காலை கிடக்கும் ரோசாப்பூ, மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் மக்கும் இலை, நன்றாகப் பழுத்த ஜம்பு. எல்லாம் ஒன்றாக, ஆனால் எதுவும் உரக்கக் கத்தாமல். மாமா கிளாஸைக் கோடு வரைக்கும் நிரப்பினார். பழைய ஓட்டின் சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

"கசக்கேல்லை" என்றார். பிறகு தக்கையை எடுத்துத் திரும்ப அடித்து இறுக்கினார். "நாளுக்கு ஒரு அவுன்ஸ். இருபத்தைஞ்சு நாளைக்குக் காணும்."

போத்தலோடு அவர் அறைக்குள் போனார். நண்பனின் முகம் செத்த வீட்டுக்காரன் முகம்போல ஆகிவிட்டது. "மச்சான், இதுதான் உச்சம். இதுக்கு மேலே இல்லை. நாளைக்குப் பகலுக்குள்ள புளிச்சு வினாகிரியாப் போயிரும்" என்று என் காதுக்குள் சொன்னான்.

வாயைத் திறந்தால் ஐந்து வருடப் பொய் வெளியில் வரும். மாமா என் முகத்தில் இனி முழிக்கமாட்டார், வீட்டை விட்டுப் போகச்சொன்னாலும் சொல்வார். திறக்காவிட்டால் அந்த வைன் மணலுக்குள் கிடந்து சாகும். என்னை உண்மை பேசவைத்தது நேர்மை என்று எழுத ஆசைதான். இல்லை. அந்த மணம்தான்.

நான் அறை வாசலில் போய் நின்றேன். "மாமா, அது டொனிக் இல்லை. குடிக்கிற வைன். திறந்தால் இண்டைக்கே முடிக்க வேணும்."

மாமா குனிந்தபடி மணலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். போத்தல் மடியில். முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். மனைவி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். வாக்கைப் பற்றித்தான் அடுத்ததாகக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆரோடை குடிக்க வைச்சிருந்தனீர்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் சீலிங் ஃபானை முதன்முதலாகக் காண்பவன்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாமா எழும்பிப் போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த துணிப்பையைத் திறந்தார். உள்ளே பேப்பரில் சுற்றிய பளிங்குக் கிளாஸ்கள். நண்பனின் தாயார் நத்தாருக்கு மட்டும் எடுப்பவை.

"ரெண்டு" என்றார் மாமா. "ஐஞ்சு வருசமா நான் தண்ணி ஊத்தினனான் தம்பி."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். டொனிக் வைன் போத்தலின் பொடி எழுத்து என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை. மனம் நொந்துபோய் நின்றார். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கம்போல அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

மாமா பளிங்குக் கிளாஸ்களை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். போத்தலைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மகளையும் கூப்பிட்டு, எல்லோரையும் இருக்கச் சொன்னார். மருந்துக் கிளாஸை எடுத்தார். கோடு வரைக்கும் ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார். "வாய் வைக்காமல் குடியும்" என்றார்.

குடித்தேன். எப்படிச் சொல்வது? நாக்கில் ஒரு பாரமும் இல்லாமல் வந்து இறங்கியது. இனிப்பு என்று நினைத்தால் இனிப்பு இல்லை, புளிப்பு என்று தேடினால் அது எங்கோ தூரத்தில். விழுங்கி முடிந்த பிறகும் வாய்க்குள் அந்த ரோசா போகாமல் இருந்தது. தொண்டையிலிருந்து நெஞ்சுவரைக்கும் சந்தோசம். ஐந்து வருடத் தேநீர்ப் பேச்சில் நாங்கள் கற்பனை பண்ணியது எதுவும் இதற்குக் கிட்டவும் வரவில்லை. நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈர மணல்தான் காரணம், இந்தச் சூட்டில் இந்த வைன் இப்படி முதிர்ந்ததே அந்த ஒரு செம்புத் தண்ணீரால்தான் என்று அவன் மாமாவிடம் சொன்னான். மாமா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த அவுன்ஸை அளந்தார்.

சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவரும் கோட்டைத் தாண்டி ஊற்றவில்லை. என் மனைவி ஒன்று குடித்து முகத்தைச் சுளித்தாள், பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொன்று கேட்டாள். நண்பனுக்கு ஏழு, எனக்கு ஆறு. விருந்தாளிக்கு ஒன்று கூட என்பது மாமாவின் கணக்கு. அந்த ஒரு அவுன்ஸுக்கான மனத்தாங்கல் எனக்கு இன்றுவரை இருக்கிறது. அடியில் ஒரு அவுன்ஸ் வண்டல். மற்றதெல்லாம் மாமா. மருதானை ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்தில் ரயில் தவறிய ஒரு கலியாண மாப்பிள்ளையை சரக்கு எஞ்சினில் ஏற்றி அனுப்பிய கதையை அன்றைக்குத்தான் எங்களுக்கு முதன்முதலாகச் சொன்னார். மகளே கேட்டதில்லையாம். எட்டு மணிக்கு நண்பன் பாவிக்காத பளிங்குக் கிளாஸ்களை அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா காலையில் மேசையில் இருந்து நெடுநேரம் எழுதினார். கடிதத்தை மடித்து உறையில் போட்டு என்னிடம் தந்து, அடுத்த ஒழுங்கையில் இருக்கும் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வரும் என்றார். கடித உறை ஒட்டியிருக்கவில்லை. படலையைத் தாண்டியதும் வாசித்தேன். "நேற்று மாலை, மருந்தென எண்ணி ஒரு அவுன்சும், மதுவென அறிந்துகொண்டே எட்டு அவுன்சும் அருந்தினேன். ஆகையால் செயலாளர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

நான் திரும்பி வந்துவிட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, இதைக் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியுமே" என்றார். "கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும்."

கொடுத்தேன். தலைவர் என் முன்னாலேயே அதை இரண்டு தடவை வாசித்தார், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். அன்று மாலை கூட்ட நேரத்துக்கு மாமா வீட்டில் இருந்தார். பேப்பரை விரித்து வைத்திருந்தார், பக்கம் புரளவேயில்லை. பதினெட்டு வருடம் அவர் பார்த்த பதவி. இரவு நான் சாப்பிடவில்லை. மனைவியும் என்னைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை கந்தோருக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். மாமா குளித்துவிட்டு, திருநீறோடு, கையில் செம்புத் தண்ணீரோடு தன் அறைக்குள் போனார். வயதான மனிதர், பழக்கத்தில் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே குனிந்து, வெறும் தொட்டியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அதுக்குள்ளை ஒண்டும் இல்லை" என்றேன்.

"தெரியும். மணல் காயக்கூடாது." கடைசித் துளியையும் உதறிவிட்டு மெல்ல நிமிர்ந்தார். "ஆனால் அடுத்த போத்திலை அதின்ரை சொந்தப் பேரைச் சொல்லிக் கொண்டுவாரும், தம்பி."